தற்காப்பு ஆட்டக்காரரின் முழங்காலும் தலையும்

1998ஆம் ஆண்டு ஹனோயில் நடந்த, தென்கிழக்காசியக் காற்பந்துப் போட்டியான டைகர் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் வியட்னாமை வீழ்த்திய ஒரே கோலைப் போட்டவர் நம் சிங்கப்பூர் வீரர் ஆர். சசிகுமார். அவர் தற்காப்பு ஆட்டக்காரர் என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. கோல் விழாமல் காப்பது தற்காப்பு ஆட்டக்காரரின் அன்றாட வேலை. அந்த வேலை உடலில் விட்டுச்செல்லும் தேய்மானத்தையும் காயத்தையும் விளையாட்டுத் துறை இயன்முறைச் சிகிச்சையாளராகத் தொடர்ந்து பார்த்து வருவதால், மகனைத் தொழில்முறை ஆட்டத்துக்கு அனுப்ப எண்ணும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் முழங்கால். எதிரணி வீரர் உதைத்துத்தான் முழங்காலுக்குள் மூட்டை நிலையாகப் பிடித்திருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிகிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால், இத்தாலியத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு நேர்ந்த 134 கிழிசல்களைக் காணொளியில் ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வின்படி, அவற்றில் மிகப் பெரும்பாலானவை முழங்காலில் யாரும் நேரடியாக மோதாமல் நேர்ந்தவை. பந்தை வைத்திருப்பவரை நெருங்கித் தடுக்க முயன்ற தருணத்தில்தான் அதிகம் நேர்ந்திருக்கின்றன. வேகமாக ஓடிவந்து, சட்டென வேகத்தைக் குறைத்து, எதிராளி திரும்பும் பக்கம் பாதத்தை ஊன்றும்போது முழங்கால் உட்புறமாகச் சரிகிறது. தற்காப்பு ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் இளைஞர்களை ஒற்றைக் காலில் தாவச் சொல்லி, தரையில் விரித்த அளவு நாடாவில் தூரத்தைக் குறித்துக்கொள்வோம். காயம்பட்ட கால், மற்றக் காலின் தூரத்தில் 90 விழுக்காட்டையாவது எட்டவேண்டும். தூரத்தைக் காட்டிலும் நான் உற்றுப் பார்ப்பது தரையைத் தொடும் கணத்தை. வலியே இல்லை என்று சொல்லும் இளைஞரின் முழங்கால் அந்தக் கணத்தில் நடுங்கி உள்ளே வளைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களில் சிலர் அதற்குள்ளாகவே தங்கள் குடியிருப்பு புளோக்குக்குக் கீழே நண்பர்களுடன் ஆடத் தொடங்கியிருப்பார்கள்.

இந்த அவசரத்துக்கு இங்கு தனிக் காரணம் உண்டு. கட்டாயமான ஈராண்டு தேசிய சேவை நெருங்கும் வயதும், லீக் குழுக்கள் இளையரைத் தேர்ந்தெடுக்கும் வயதும் ஒன்றாகவே அமைகின்றன. அதற்குள் ஆடிக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. இருந்தாலும் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம் ஆகும்வரை, ஆட்டத்துக்குத் திரும்ப நான் யாருக்கும் ஒப்புதல் தருவதில்லை. நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

முழங்காலையாவது சீரமைக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை தலையைப் பற்றியது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பொதுமக்களின் பதிவுகளுடன் ஒப்பிட்ட கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் மறதிநோய் போன்ற நரம்புச்சிதைவு நோய்கள் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாகப் பதிவாகியிருந்ததை 2021இல் வெளியிட்டனர். அதே விளையாட்டில், அதே சூழலில் வாழ்ந்த கோல்காப்பாளர்களிடம் அத்தகைய தெளிவான உயர்வு தென்படவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆடியவர்களிடம் அபாயம் மிகுந்திருந்தது. அவர்கள் அனைவரும் பல்லாண்டுகளுக்கு முன் ஆடிய ஆடவர்கள்; தலையால் பந்தை முட்டுவதே காரணம் என்று அந்த ஆய்வு மட்டும் நிறுவிவிடவில்லை. ஆயினும் அதிகமாகத் தலையால் முட்டும் இடத்தில் ஆடியவர்களிடம் அபாயமும் அதிகம் என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 2021இலேயே, தொழில்முறை ஆட்டக்காரர்கள் பயிற்சியில் வேகமாக வரும் பந்துகளைத் தலையால் முட்டுவதை வாரத்துக்குப் பத்து முறையோடு நிறுத்திக்கொள்ளப் பரிந்துரைத்தது. பெரியவர்களுக்கே அந்த வரம்பு என்றால், உயரமாக இருக்கிறான் என்பதற்காக நடுத் தற்காப்பில் நிறுத்தப்படும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு எத்தனை முறை என்று பயிற்றுநரிடம் கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

தலையில் அடிபட்டபின் பிள்ளை குழம்பிப் பேசினாலோ, நிலைதடுமாறினாலோ, எத்தனையாவது நிமிடம் என்பது முக்கியமில்லை. அவனை உடனே திடலிலிருந்து வெளியேற்றுங்கள், அன்று மீண்டும் ஆட விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், அல்லது அவன் அசாதாரணமாகத் தூங்கி வழிந்தால், மறுநாள் வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.