மேப் மறுக்கும் இடங்கள்: விளையாட்டுகளில் விரைவுப் பயணம் எப்படி இயங்குகிறது?

ஆக்‌ஷன் ரோல்பிளேயிங் வகை விளையாட்டுகளில் மேப்பைத் திறந்து, முன்பே சென்று பார்த்த ஓர் ஊரின் குறியைத் தேர்ந்தெடுத்தால், திரை சற்று இருண்டு மீளும்போது நம் கதாபாத்திரம் அந்த ஊரின் வாசலில் நிற்கும். ஃபாஸ்ட் டிராவல் என்று விளையாடுவோர் அனைவரும் அறிந்த இந்த விரைவுப் பயணம் குகைக்குள்ளும் சண்டையின் நடுவிலும், கதையின் முக்கியமான கட்டங்களிலும், 'இங்கிருந்து பயணிக்க முடியாது' என்ற ஒற்றை வரியோடு மறுக்கப்படுகிறது. இந்தத் தடைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சிலவற்றை மோட் (ஆர்வலர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்று நிரல்) கொண்டோ கன்சோல் கட்டளை (விளையாட்டுக்குள் திறக்கும் பெட்டியில் தட்டும் கட்டளை) கொண்டோ நீக்கினால் எந்தத் தீங்கும் நேராது; வேறு சிலவற்றை நீக்கினால், பல வாரங்கள் ஆடிய நிலை பதிவாகியிருக்கும் சேவ் கோப்பு மேலே நகர முடியாமல் நின்றுவிடும். எந்தத் தடை எந்த வகை என்று அறிய வேண்டுமானால், குறியைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஊர் வாசலில் நிற்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நொடிகளில் விளையாட்டு என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

விளையாட்டின் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருப்பதில்லை. 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்கைரிம் என்ற விளையாட்டில் திறந்தவெளி நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டத்தின் பக்கமும் விளையாட்டின் அளவுமுறையில் 4096 அலகுகள், அதாவது ஏறத்தாழ 58 மீட்டர். நாம் நிற்கும் கட்டத்தை நடுவாகக் கொண்டு, ஐந்துக்கு ஐந்து என 25 கட்டங்களே இயல்பாக முழு விவரத்தோடு ஏற்றப்பட்டிருக்கும். தொலைவில் தெரியும் மலைகளும் கோபுரங்களும் விவரம் குறைத்துச் செய்யப்பட்ட எளிய உருவங்கள். நாம் நடக்க நடக்க, முன்னால் ஒரு வரிசைக் கட்டங்கள் நினைவகத்தில் ஏறுகின்றன, பின்னால் ஒரு வரிசை இறங்குகிறது. வீடுகளும் குகைகளும் இந்தத் தளத்தில் இல்லவே இல்லை. ஒவ்வோர் உட்புறமும் இடத்தைக் குறிக்கத் தனக்கென்று தனி அளவுப் புள்ளிகள் கொண்ட தனி வெளி. அதை வெளியுலகோடு இணைப்பது கதவு மட்டுமே. வெளியே சிறிய கல் முகப்பாகத் தெரியும் குகை உள்ளே பெரிய மண்டபங்களாக விரிய முடிவது இதனால்தான்.

விரைவுப் பயணம் என்பது இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் மொத்தமாக ஒரே தடவையில் செய்வதாகும். முதலில் திரை மறைக்கப்படுகிறது; விளையாடுபவரின் உள்ளீடு நிறுத்தப்படுகிறது; பழைய கட்டங்கள் விடுவிக்கப்பட்டு, சேரிடத்தைச் சுற்றியுள்ள கட்டங்கள் சேமிப்பகத்திலிருந்து படிக்கப்படுகின்றன. மரங்களும் ஒளியும் சற்றுத் தாமதித்து வந்தாலும் பாதகமில்லை, ஆனால் தரையின் மோதல் வடிவம், அதாவது பொருள்கள் ஊடுருவாமல் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத வடிவம், கதாபாத்திரத்துக்கு முன்பே அங்கு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கால் ஊன்ற ஏதுமின்றி அது உலகத்துக்குக் கீழே விழுந்துகொண்டே போகும். அதன்பின் கதாபாத்திரம் குறித்த புள்ளியில் வைக்கப்படுகிறது. ஸ்கைரிம் கடந்த தொலைவுக்கேற்ப விளையாட்டின் கடிகாரத்தையும் நகர்த்துவதால், ஊர் மக்கள் அந்த நேரத்துக்கு இருக்க வேண்டிய இடங்களில் நிறுத்தப்படுகிறார்கள். இரவில் சேர்ந்தால் கடை பூட்டியிருப்பதும் கடைக்காரர் உறங்கப் போயிருப்பதும் இப்படி நிகழ்பவையே.

இதில் வேகத்தைப் பற்றிய பகுதி கிட்டத்தட்டத் தீர்க்கப்பட்டுவிட்டது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்வட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 11 மில்லிநொடி ஆகிறது. சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான கோப்புத் துண்டுகளைத் தேடித் தேடிப் படிக்கையில் அந்தச் சிறு காத்திருப்புகள் சேர்ந்து நீண்ட லோடிங் திரையாகின்றன. சுழலும் பகுதியே இல்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகத்தில் இந்தக் காத்திருப்பு இல்லை. 2019இல் சோனி நிறுவனத்தின் மார்க் செர்னி காட்டிய செயல்விளக்கத்தில், ஸ்பைடர்மேன் விளையாட்டின் விரைவுப் பயணம் பிளேஸ்டேஷன் 4 புரோவில் 15 நொடி எடுத்தது. அப்போது உருவாக்கத்தில் இருந்த அடுத்த தலைமுறைக் கருவியில் அது 0.8 நொடியாகக் குறைந்தது. ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி வாங்கிப் பழைய கணினியில் பொருத்திய சென்னை இளைஞர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடமிருந்துதான் அந்த நியாயமான கேள்வியும் வருகிறது: "எஸ்எஸ்டி போட்டாச்சு, லோடிங்கே இல்ல, இன்னும் ஏன் குகைக்குள்ள இருந்து விட மாட்டேங்குது?"

தடைகளில் பெரும்பாலானவை லோடிங் வேகத்தோடு தொடர்புடையவையே அல்ல என்பதுதான் விடை. அவற்றுள் முக்கியமானவை உலகின் நிலையைக் காப்பவை. சென்னை மெட்ரோவில் ஆலந்தூர் நிலையத்தில் பயண அட்டையைத் தொட்டு நுழைபவரின் நுழைவு பதிவாகிறது. வெளியேறும் வாயிலில் மீண்டும் தொட்டால்தான் அந்தப் பயணம் முடிந்ததாகக் கணக்குத் தீர்கிறது. எப்படியோ தொடாமல் வெளியே வந்துவிட்ட ஒருவர் வீட்டுக்குப் போய் உறங்கியிருக்கலாம், ஆனால் அட்டையைப் பொறுத்தவரை அவர் இன்னும் நிலையத்துக்குள்தான் இருக்கிறார். அடுத்த முறை நுழைய முயலும்போது வாயில் திறக்காது, ஊழியர் ஒருவர் கணக்கைச் சரிசெய்து கொடுக்க வேண்டியிருக்கும். விளையாட்டின் குவெஸ்ட் ஸ்கிரிப்டுகளும், அதாவது கதைப் பணி ஒன்றைப் படிப்படியாக நடத்தும் நிரல்களும், இதே முறையில்தான் எழுதப்படுகின்றன. ஓர் அறையின் வாசலில் கண்ணுக்குத் தெரியாத எல்லைப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். கதாபாத்திரம் அதைக் கடந்ததும் பின்கதவு பூட்டப்படும், எதிரிகள் எழுவார்கள், குவெஸ்டின் படி எண் ஒன்று உயரும். பாஸ் எனப்படும் தலைமை எதிரி வீழ்ந்ததும் கதவு திறக்கும், வெளியேறும் வழியில் உள்ள இன்னொரு பெட்டி அடுத்த படிக்கு எண்ணை நகர்த்தும். இடையில் விளையாடுபவர் மேப் வழியாக வெளியேறிவிட்டால் கதவு பூட்டியபடியே இருக்கும், படி எண் நடுவில் நிற்கும், அவரோடு உள்ளே வந்த துணைக் கதாபாத்திரம் யாருக்காகவோ காத்து நிற்கும்.

எல்லாச் சூழ்நிலைகளுக்கும் மீட்பு வழி எழுதுவது இயலாததன்று. ஆனால் ஒரு விளையாட்டில் இத்தகைய காட்சிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கணத்திலும் பாதியில் விட்டுச் சென்றால் என்ன ஆகும் என்று சோதிப்பதைவிட, அந்தப் பகுதி முடியும்வரை மேப்பைப் பூட்டுவது எளிது, பாதுகாப்பானதும்கூட. ஸ்கைரிமின் முதன்மைக் கதையில் வரும் ஸ்குல்டாஃப்ன் கோயில் இதற்குத் தெளிவான சான்று. டிராகன் சுமந்து செல்வதால் மட்டுமே சேரக்கூடிய அந்த இடத்திலிருந்து விரைவுப் பயணம் கிடையாது. திரும்பி நடந்து வரவும் பாதையில்லை. முன்னே உள்ள வாயிலைத் திறந்து மறுவுலகுக்குப் போவதே வழி. அங்கிருந்து நழுவ முடிந்திருந்தால், டிராகனை மீண்டும் அழைக்கும் காட்சியையும் அதற்கான உரையாடலையும் தனியே எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஸ்கைரிம் பயணத்துக்கு ஒப்புவதற்கு முன் பலவற்றைச் சரிபார்க்கிறது: கதாபாத்திரம் சண்டையில் இருக்கிறதா, பகைவர் அருகில் இருக்கிறார்களா, கால் தரையில் உள்ளதா, சுமை அளவை மீறியுள்ளதா, நிற்கும் இடத்தின் தரவில் தடைக்குறி உள்ளதா, ஏதேனும் ஸ்கிரிப்ட் பயணத்தையே நிறுத்தி வைத்திருக்கிறதா. இவற்றுள் சுமை பற்றிய தடை முழுக்க முழுக்க விளையாட்டு விதி; குதிரை இருந்தால் அதுவும் தளர்ந்துவிடும். பகைவர் பற்றிய தடை பெரும்பாலும் நியாயம் சார்ந்தது, ஏனெனில் தோற்கும் நிலையில் மேப்பைத் திறந்து தப்பிவிட முடிந்தால் எந்தச் சண்டைக்கும் பொருள் இராது. கடைசி இரண்டும்தான் நிலைக்கணக்கைக் காப்பவை. மாறுபட்ட நோக்கங்கள் கொண்ட இந்தத் தடைகளுக்கு விளையாட்டுகள் காரணத்தைத் தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் தெரிந்தால் விளையாடுபவர் காத்திருப்பார். தெரியாதபோதுதான் மோட் தேடுகிறார்.

வடிவமைப்புக்காகவே இடப்படும் தடைகளும் உண்டு, அவற்றை நான் மதிக்கிறேன். 2011இல் வந்த டார்க் சோல்ஸில் கதையின் நடுப்பகுதியில் லார்ட்வெசல் என்னும் கலம் கிடைக்கும்வரை, இளைப்பாறும் இடங்களான தீமூட்டங்களுக்கிடையே தாவ முடியாது. கிடைத்த பிறகும் எல்லாத் தீமூட்டங்களுக்கும் தாவ முடியாது. நிலத்தின் ஆழத்தில் இறங்கிய ஒருவர் ஏறித்தான் வர வேண்டும் என்பதால், குறுக்கு வழி ஒன்றின் கதவு திறக்கும்போது கிடைக்கும் நிம்மதி அங்கே உண்மையானதாகிறது. 2015இல் வந்த விட்சர் 3இல் வழிகாட்டிப் பலகை இருக்கும் இடத்திலிருந்துதான் இன்னொரு பலகைக்குப் போகலாம், ஆகவே எந்தப் பயணத்திலும் சிறிது நடை மிஞ்சுகிறது. 2002இன் மோரோவிண்டில் மேப்பைச் சொடுக்கிப் பயணிக்கும் வசதியே இல்லை. பெரும்பூச்சி வண்டிகளும் படகுகளும், இடத்தைக் குறித்து வைத்துப் பின் அங்கே திரும்பும் மந்திரங்களும் இருந்தன. அந்த மந்திரங்களையும் நிறுத்தி வைக்கும் கட்டளை ஒன்று அதன் ஸ்கிரிப்ட் மொழியில் இருந்தது.

இனி, தடையை மீறும் வழிகளைப் பார்ப்போம். கணினியில் ஸ்கைரிம் ஆடுவோர் கன்சோலைத் திறந்து 'சிஓசி' கட்டளையோடு ஓர் இடத்தின் பெயரைத் தட்டினால், மேற்சொன்ன சரிபார்ப்புகளில் எதுவும் நடக்காமல் அங்கே போய்ச் சேரலாம். சரிபார்ப்புகள் மேப்பின் வாசலில் நிற்கின்றனவே தவிர, கட்டங்களை ஏற்றி இறக்கும் அடித்தளத்தில் இல்லை என்பதை இது காட்டுகிறது. சுமைத் தடையையோ சாதாரணக் குகையின் தடைக்குறியையோ இவ்வாறு தாண்டினால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஸ்கிரிப்ட் இட்ட தடை அப்படியன்று. அது ஓர் இடத்துக்கு உரியது அல்ல. விளையாட்டு முழுவதற்கும் பொதுவான ஒரே ஒரு சுவிட்ச். காட்சி தொடங்கும்போது அதை அணைத்து, முடியும்போது மீண்டும் இயக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்தால், நடுவில் தாவி வெளியேறியவருக்கு அது அணைந்தே இருக்கும்; தடையை மீறியவர் உலகில் எங்கிருந்தும் மேப்பைப் பயன்படுத்த முடியாதவராகிறார். 'எனேபிள் ஃபாஸ்ட் டிராவல்' என்ற கட்டளையால் சுவிட்சை மீண்டும் இயக்கலாம், ஆனால் பூட்டிய கதவும் பாதியில் நின்ற படி எண்ணும் அதனால் சரியாகா.

சேவ் கோப்பில் உலகம் முழுவதும் பதிவாவதில்லை. மூல உலகிலிருந்து எவையெல்லாம் மாறியுள்ளன என்பதே பதிவாகிறது. அந்தச் சுவிட்சின் நிலையும் குவெஸ்டின் படி எண்ணும் அம்மாற்றங்களில் அடங்கும். ஆகையால் மோடைப் பின்னர் நீக்கினாலும் விளையாட்டை அழித்து மறுபடி நிறுவினாலும், அந்தக் கோப்பைத் திறக்கும்போது பழுதும் அதனோடு திரும்ப ஏறும். தாவுவதற்கு முன், தானாகப் பதிவாகும் ஆட்டோசேவை நம்பாமல், தனிப் பெயரில் கையால் ஒரு சேவ் எடுத்து வைப்பதே தேவையான முன்னேற்பாடு, ஏனெனில் சேரிடத்தில் கால் வைத்தவுடனேயே ஆட்டோசேவ் புதிய நிலையைப் பழையதன் மேல் எழுதிவிடக்கூடும்.