நீர்க்கடுப்பும் அரை மணிக் கணக்கும்

தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்த நாளின் சாயங்காலம், சிறுநீர் நல்லெண்ணெய் நிறத்தில் கொஞ்சமாகத்தான் வரும். நெடியும் தூக்கலாக இருக்கும். நீர்க்கடுப்பைத் தரும் கிருமிகளுக்கு இது விருந்து என்று தோன்றும். சோதனைக் குழாயில் வளர்த்துப் பார்த்தால் நேர்மாறு! அடர்ந்த சிறுநீரில், புரதம் சிதைந்து உண்டாகும் கழிவான யூரியா அதிகம்; அது பாக்டீரியாவின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். 1968-இல் மருத்துவ ஆய்வாளர் டொனால்ட் கேய் வெளியிட்ட ஆய்வு, இதில் யூரியாவின் பங்கு பெரிது என்று காட்டியது.

அப்படியானால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நல்லதா? இல்லை. சோதனைக் குழாய்க்கு வடிகால் கிடையாது, சிறுநீர்ப்பைக்கு உண்டு.

நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். அப்போது 300 மி.லி. வெளியேறி 5 மி.லி. தங்கினால், அறுபதில் ஒரு பங்குதான் மிச்சம். பெருகியதும் போனதும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆறு மணி நேரம் தேக்கி வைத்தால்? ஒன்று 4,096 ஆகியிருக்கும். ஒருமுறை அதே 300 மி.லி. போய்விட்டு வந்தாலும் எழுபது வரை உள்ளேயே நிற்கும். யூரியா வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் தேங்கும் நேரம் அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

2018-இல் வெளியான ஒரு சோதனையில், அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள் பங்கேற்றார்கள். தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. மாத்திரை இல்லை, வெறும் தண்ணீர்! எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

உணவுக்கும் பங்கு உண்டு. இறைச்சி, முட்டை அதிகமானால் யூரியா கூடும், சிறுநீர் அமிலமாகும். காய்கறி, பழங்கள் காரப் பக்கம் இழுக்கும். இன்னொன்று, பாக்டீரியா பெருக இரும்புச்சத்து வேண்டும். அதைப் பறித்துக்கொள்ள நம் உடல் சிடெரோகாலின் என்ற புரதத்தைச் சிறுநீரில் விடுகிறது. அமிலம் குறைந்த சிறுநீரில் அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் குளுக்கோஸ் சிறுநீரில் வழியும்; அது கிருமிக்குத் தயாரான தீனி.

சரி, விரதம் இருப்பவர்கள்? விரதம் முடிந்ததும் ஒரே மூச்சில் குடிக்காமல், படுக்கும் வரை பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். சிறுநீரை அடக்க வேண்டாம். இதய, சிறுநீரக நோயாளிகள் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் சேர்ந்து வந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். விரதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.