கழுத்தில் ஆபரேஷன், தொண்டையில் ஏன் சிக்கல்?

கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கியதால் அதை எடுத்தாயிற்று, கைக்குப் பாய்ந்த வலியும் குறைந்துவிட்டது. ஆனால் மறுநாள் மாத்திரை விழுங்கினால் நடுவிலேயே நிற்கிறது. எலும்பைத்தானே சரிசெய்தார்கள், தொண்டைக்கு என்ன ஆனது?

டிஸ்க்குக்குப் பின்னால் தண்டுவடம் இருக்கிறது. அதைத் தொடாமல் டிஸ்க்கை எட்ட, பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கம்தான் வழி. வழியில் இருக்கும் மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வெட்டுவதில்லை. வேலை முடியும்வரை ஒருபக்கமாக ஒதுக்கிப் பிடிக்கிறார்கள். அப்படி இழுபட்ட சதை வீங்குகிறது. இரண்டு மூன்று நாளில் வீக்கம் உச்சத்தில் இருக்கும்.

குரல்வளை மேட்டில் விரல் வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், அது மேலே எழும்பி இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் மூச்சு நிற்கிறது, குரல் நாண்கள் மூடுகின்றன, குரல்வளையின் மேலுள்ள மூடி பின்னால் மடிகிறது, உணவுக்குழாயின் வாசல் இழுபட்டுத் திறக்கிறது. தொண்டையின் பின்சுவர் வீங்கியிருந்தால் மூடி மடிய இடமில்லை. உணவு கொஞ்சம் அங்கேயே தங்கி, அப்புறம் மூச்சுப்பாதைக்குள் நழுவிப் புரை ஏறுகிறது. குரல் நாணை அசைக்கும் நரம்பும் அடிபட்டிருந்தால் குரல் கரகரக்கும், தண்ணீர் குடித்தாலே இருமல் வரும். சிலருக்கு உள்ளே போயும் இருமலே வராது. அதுதான் ஆபத்து. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுக்கிறார்கள், அல்லது மூக்கு வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்க்கிறார்கள்.

விழுங்கும் பயிற்சியில் ஒரு முரண் உண்டு. விழுங்கக் கஷ்டப்படுபவர்களுக்கு வழக்கமாகச் சொல்வது தாடையைத் தாழ்த்தி விழுங்குவதும், படுத்தபடி தலையைத் தூக்குவதும். டிஸ்க்கை எடுத்த இடத்தில் எலும்புகளைப் பிடித்துவைக்கத் திருகால் புதிதாகத் தகடு பொருத்திய கழுத்துக்கு, சர்ஜன் அனுமதிக்காமல் இரண்டுமே கூடாது. கழுத்தை அசைக்காத பயிற்சிகள்தான் கைகொடுக்கும்: தொண்டையை இறுக்கி பலமாக விழுங்குவது, மேலே எழும்பிய குரல்வளையைச் சில விநாடி அங்கேயே பிடித்துவைப்பது. கழுத்தைச் சுற்றிப் போடும் காலர் பட்டை தலையை அண்ணாந்த நிலையில் நிறுத்தினால் விழுங்குவது இன்னும் கடினமாகும். அதைச் சரிசெய்வதிலேயே சிலருக்குப் பாதி நிம்மதி.

எல்லாவற்றையும் கெட்டியாக்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் நினைப்பார்கள். வீங்கிய தொண்டையில் கெட்டியானதுதான் அதிகம் தங்கும். எது பொருந்தும் என்பதைப் பரிசோதனையைப் பார்த்துத்தான் விழுங்கல் சிகிச்சையாளர் முடிவு செய்வார்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடும். ஆனால் முதல் நாட்களில் கழுத்து வீங்கி மூச்சு திணறினால் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நன்றாக விழுங்கிக்கொண்டிருந்தவருக்குப் பல மாதம் கழித்துத் திடீரென வலித்தால், தகடோ திருகோ நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.