டியூஷன்: கல்விக் கட்டணமா, கற்பிப்புக் கட்டணமா?

அமெரிக்க உயர்கல்வியின் நிலைமையைப் பேசும் ஆவணப்படங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் சப்டைட்டில் போடுகிறவர்களும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். டியூஷனை ஏற்றிவிட்டார்கள் என்று மாணவர்கள் வளாகத்தில் கோஷம் போடுகிறார்கள். திரையின் அடியில் 'தனிப்பயிற்சிக் கட்டணம்' என்று வரி ஓடுகிறது. மாலையில் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போவதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

டியூஷன் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. காத்தல், பேணுதல் என்பது மூலப்பொருள். பிறகு ஆங்கிலத்தில் கற்பித்தல் என்றாகி, அமெரிக்காவில் அதற்கான கட்டணத்தையே குறிக்கலாயிற்று. நம் ஊரில் பள்ளிக்கு வெளியே காசு கொடுத்துப் படிப்பது டியூஷன். வேர் ஆராய்ச்சி இது போதும்.

'தனிப்பயிற்சி' வெறும் கவனக்குறைவு; சொன்னால் திருத்திக்கொள்வார்கள். என் சண்டை 'கல்விக் கட்டணம்' என்பதோடுதான். வழக்கில் இருக்கிறதே, எல்லோருக்கும் புரிகிறதே என்பார்கள். என்ன புரிகிறது? விடுதி, தேர்வு, ஆய்வகம் என்று கல்லூரி வசூலிக்கும் அத்தனையையும் பத்திரிகைகள் அந்த ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன.

2014இல் வெளிவந்த 'ஐவரி டவர்' ஆவணப்படத்தில் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரி வருகிறது. 1859இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி, நூறாண்டுக்கும் மேலாக டியூஷன் வாங்காமல் நடந்தது. 2014இல் வாங்கத் தொடங்கியது. 'இலவசக் கல்வி பறிபோனது' என்று எழுதினால் பாதிதான் உண்மை. முன்பும் மாணவர்கள் விடுதிக்கும் பிற செலவினங்களுக்கும் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பாடம் நடத்துவதற்கு மட்டும் காசு இல்லை.

கலிபோர்னியா இன்னும் வேடிக்கை. அங்கே அரசுப் பல்கலைக்கழகம் மாநிலத்து மாணவர்களிடம் டியூஷன் வாங்காது என்பது 1960ஆம் ஆண்டு மாநில உயர்கல்விப் பெருந்திட்டத்தின் கொள்கை. ஆகவே 1970இல் பணம் கேட்டபோது அதற்கு 'எஜுகேஷனல் ஃபீ' என்று வேறு பெயர் வைத்தார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுதான் 'கல்விக் கட்டணம்'! 2010இல்தான் டியூஷன் என்ற பெயருக்கே மாறினார்கள். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டால், 'கல்விக் கட்டணம் கிடையாது, கல்விக் கட்டணம் மட்டும் உண்டு' என்றல்லவா எழுத வேண்டியிருக்கும்?

'பயிற்சிக் கட்டணம்' தையல் வகுப்புக்குப் பொருந்தும். 'போதனைக் கட்டணம்' என்றால் பிரசங்கத்துக்குக் காசு கேட்பதுபோல் இருக்கிறது. சரியான சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதும் இல்லை. நம் அரசாணைகளிலேயே 'கற்பிப்புக் கட்டணம்' இருக்கிறது; சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதற்கு அடுத்தடுத்த வரிகள். அலுவலக எழுத்தர்களுக்குத் தெரிந்த இந்த வேறுபாடு, அகராதியும் கையுமாக உட்காரும் மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் தெரிவதில்லை? ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு, படம் எதைப் பற்றியது என்றுகூடப் பார்க்காமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள்.

சொல் நீளம், திரையில் இடம் போதாது என்பது அவர்கள் சொல்லும் சாக்கு. 'தனிப்பயிற்சிக் கட்டணம்' அதைவிட நீளம்.