கரையை அடைத்தால் நைட்ரேட் எங்கே போகும்?

ஆற்றங்கரையில் சுவர் எழுப்புமுன் பொறியாளர்கள் பல கணக்குகளைப் போடுகிறார்கள். வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வரும், பின்னாலிருக்கும் மண் சுவரை எவ்வளவு தள்ளும், அடித்தளத்தை நீரோட்டம் அரிக்குமா என்பதெல்லாம் அதில் அடக்கம். அந்தக் கரை அதுவரை எவ்வளவு நைட்ரேட்டை அகற்றிக்கொண்டிருந்தது என்ற கணக்கு மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சுவர் வந்ததும் அந்த வேலை நின்றுவிடும். விளைவு அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆறு கடலைத் தொடும் கழிமுகத்தில்தான் தெரியும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். வாயுவாக இருக்கும்வரை அதனால் ஆற்றுக்குத் தொல்லை இல்லை. உரம், கழிவுநீர், விலங்குகளின் எச்சம், வாகனப் புகை வழியாக நகரத்து மண்ணில் சேரும் நைட்ரஜன் வேறு வகை. அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ இருப்பதால் நீர்ப்பாசி அதை உடனே உறிஞ்சிக் கொழிக்கிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். நகரங்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கழிவுநீர் சரிவில் தானாக ஓட வேண்டும் என்பதால், பாதாளச் சாக்கடையின் பெரிய குழாய்களைப் பல இடங்களில் தாழ்வான ஆற்றோரமாகவே பதித்திருக்கிறார்கள். அவற்றின் இணைப்புகளில் ஏற்படும் கசிவு நேராகக் கரைமண்ணுக்குள் இறங்குகிறது.

அந்த மண்ணில் இதைக் கையாள்பவை பாக்டீரியாக்கள். காற்றோட்டமுள்ள மண்ணில் ஒரு கூட்டம் அம்மோனியத்தை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றி, அதிலிருந்து ஆற்றல் பெறுகிறது. இது நைட்ரேட்டாதல். ஆக்சிஜன் நுழையாத சேற்றில் இன்னொரு கூட்டம் வாழ்கிறது. நாம் ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரிக்கிறோம். இவை ஆக்சிஜன் கிடைக்காதபோது நைட்ரேட்டைக் கொண்டு, மக்கிய இலைதழையிலுள்ள கார்பனை எரிக்கின்றன. அப்போது நைட்ரேட் படிப்படியாக நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என மாறி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. இதற்கு நைட்ரஜன் வெளியேற்றம் என்று பெயர். செடி உறிஞ்சிய நைட்ரஜன், இலை உதிர்ந்து மக்கியதும் திரும்பி வந்துவிடும். வாயுவாகிப் போனது அந்த ஆற்றின் கணக்கிலிருந்தே நீங்கிவிட்டது.

இந்த இரண்டாவது வேலை நடக்க நைட்ரேட், கார்பன், ஆக்சிஜனற்ற ஈரம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும். மேட்டு நிலத்தில் நைட்ரேட் உண்டு, ஈரம் போதாது. ஆழத்து மணலில் ஈரம் உண்டு, கார்பன் அரிது. தாழ்ந்து சரிந்த இயற்கைக் கரையில் மூன்றும் சந்திக்கின்றன. நிலத்தடி நீர் வேரும் மக்கும் நிறைந்த மேல்மண்ணை ஊடுருவி மெதுவாக ஆற்றை நோக்கி நகர்கிறது. சில மீட்டர்களைக் கடக்கவே நாட்களோ வாரங்களோ ஆகலாம். பாக்டீரியாக்களுக்குத் தேவையான அவகாசம் அதுதான். நாணலும் கோரையும் நிற்கும் இடத்தில் இன்னும் நுட்பமான ஒன்று நடக்கிறது. அவற்றின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாக ஆக்சிஜன் வேருக்கு இறங்கி, வேரைச் சுற்றி மெல்லிய காற்றுள்ள வளையத்தை உண்டாக்குகிறது. அதைத் தாண்டினால் காற்றற்ற சேறு. அம்மோனியம் வளையத்துக்குள் நைட்ரேட்டாகிறது, சில மில்லிமீட்டர் தள்ளி வாயுவாகிறது. எதிரெதிர் சூழல்கள் தேவைப்படும் இரு வேலைகள் ஒரே வேரின் அருகே அடுத்தடுத்து நடப்பதைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இங்கே கான்கிரீட் சுவரோ இரும்புத் தகடுகளோ இறங்கினால் நீரின் பாதை மாறிவிடுகிறது. சுவரைப் பாதுகாக்க அதன் முதுகில் சரளைக்கல்லை நிரப்பி, நீர் வடியத் துளைகள் விடுவார்கள். நீர் தேங்கினால் சுவர் சாய்ந்துவிடும் என்பதால் கட்டுமான நோக்கில் இது சரியே. ஆனால் சரளையில் ஆக்சிஜன் தாராளம், கார்பன் மிகக் குறைவு, நீர் தங்கும் நேரமும் சொற்பம். நைட்ரேட் வந்தபடியே துளை வழியாக ஆற்றில் விழுகிறது. துளையில்லாத சுவரானால், நீர் அதன் அடியில் வளைந்து, கார்பன் குறைந்த ஆழமான அடுக்குகள் வழியாகப் போகிறது.

ஆற்றின் பக்கமும் இழப்புதான். மணலும் கூழாங்கல்லும் கொண்ட படுகையில் ஆற்றுநீர் உள்ளே புகுந்து வெளியே வந்தபடி இருக்கும். அந்தப் போக்குவரத்திலும் நைட்ரேட் குறையும். 1938 பெருவெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றின் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் பூசப்பட்டது. அத்தகைய வழவழப்பான கால்வாயில் நீர் விரைந்து ஓடுகிறது, படுகையோடு கலப்பதில்லை. வெயிலில் படரும் பாசி கொஞ்சம் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டாலும், அடுத்த வெள்ளம் அந்தப் பாசியையே வழித்துக்கொண்டு போய்விடுகிறது.

சுவரைவிடவும், ஓடை தன் படுகையை அரித்து ஆழமாகிப்போவது செய்யும் கேடு பெரிது என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1997 முதல் நடந்த நீண்டகால ஆய்வில், பீட்டர் க்ரோஃப்மனும் சக ஆய்வாளர்களும் நகரத்து ஓடைகளின் கரைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் வடிகால் வழியே ஒரேயடியாகப் பாய்வதால், ஓடைகள் தம் படுகையை அரித்துத் தாழ்ந்துபோயிருந்தன. ஓடை தாழ்ந்ததால் கரையோர நிலத்தடி நீர்மட்டமும் தாழ்ந்தது. மேல்மண் காய்ந்து காற்றோட்டம் பெற்றது. அங்கே நைட்ரஜன் வெளியேற்றம் குன்றி, நைட்ரேட்டாதல் ஓங்கியது. நைட்ரேட்டை வடிகட்டிய கரையே நைட்ரேட்டை உண்டாக்கும் கரையாக மாறக்கூடும் என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. இத்தனைக்கும் கரையில் மரங்கள் இருந்தன.

இதனால்தான், உயர்ந்த சுவரின் உச்சியில் புல்தரையும் மரவரிசையும் வைத்துவிட்டு ஆற்றை மீட்டுவிட்டதாக அறிவிக்கும் திட்டங்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. நிழலுக்கும் நடைப்பயிற்சிக்கும் அவை நல்லவை. ஆனால் பல மீட்டர் கீழே ஓடும் நீரை அந்த வேர்கள் தொடுவதே இல்லை. புல்லுக்கு இடும் உரம் புதிய சுமையாகவும் சேரலாம். மழைநீர் வடிகால் குழாய் அந்தப் பசுமைக்கு அடியிலேயே புகுந்து நேராக ஆற்றில் திறந்தால், நகரத்து நைட்ரேட்டின் பெரும்பங்கு கரைமண்ணைச் சந்திக்காமலே போய்விடும்.

ஓடையையே குழாய்க்குள் புதைத்துவிடுவது இதன் உச்சம். சின்சினாட்டி, பால்டிமோர் பகுதிகளில் நடந்த அளவீடுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வின்படி, புதைக்கப்பட்ட ஓடையில் நைட்ரேட் நீரிலிருந்து நீங்குமுன் திறந்த ஓடையைவிடச் சராசரியாக 18 மடங்கு தூரம் பயணம் செய்கிறது. அப்படியானால் திறந்த ஓடை எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளுமா? அதற்கும் எல்லை உண்டு. 72 ஓடைகளில் நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பை (எடை சற்றுக் கூடிய நைட்ரஜன் அணுக்களை) அடையாளமாகக் கலந்து தடம் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. நைட்ரேட்டின் செறிவு கூடக் கூட ஓடை அதை நீக்கும் திறமை குறைகிறது என்று அது காட்டியது. கழிவுநீரை மூலத்தில் தடுக்காமல் கரையை மட்டும் சீர்செய்வது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சீர்செய்தால் பலன் உண்டு. பால்டிமோர் புறநகரிலுள்ள மைன்பேங்க் ரன் ஓடையில் செங்குத்தான கரையைத் தாழ்த்தி, வெள்ளம் பக்கவாட்டில் பரவ வழி செய்தார்கள். சீர்செய்த பகுதியில் நைட்ரஜன் வெளியேற்றத்தின் சராசரி வேகம், சீர்செய்யாத பகுதியைப் போல இரு மடங்குக்கும் மேல் இருந்தது. நீரோடு தொடர்புள்ள தாழ்ந்த கரைகளே அதிகம் உழைத்தன. சீர்செய்த பிறகும் உயர்ந்து நின்ற கரைகள் பின்தங்கின.

நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு அது. முன்னே சொன்ன 72 ஓடைகளில், வெளியேற்றத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே அந்த வாயுவாக முடிந்தது. ஆனால் மண் அடிக்கடி நனைந்து காய்ந்தால் வேலை பாதியில் நின்று அதன் பங்கு கூடலாம். எனவே தடுப்பணைகளால் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் ஆறுகளில் கவனம் தேவை.

சுவரை எடுக்கவே முடியாத இடங்கள் நெருக்கமான நகரங்களில் நிறைய உண்டு. அங்கே சுவரின் அடியில் ஆற்றுப்பக்கமாகத் தாழ்வான ஒரு படி அமைத்து நாணல் நடலாம். வடிகால் குழாயை ஆற்றுக்குச் சற்று முன்பே திறந்து, ஆழமில்லாத சதுப்பில் நீரைத் தங்க வைக்கலாம். சுவருக்குப் பின்னே, நிலத்தடி நீர் வரும் வழியின் குறுக்கே, மரத்தூளோ மரச்சில்லுகளோ கலந்த அகழி வெட்டுவது இன்னொரு வழி; விளைநிலங்களின் ஓரத்தில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் உத்தி இது. மரம் கார்பனைத் தர, தேங்கிய நீர் ஆக்சிஜனைத் தடுக்க, பாக்டீரியாக்கள் தாமாகவே குடியேறிவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்கும் அளவுக்குக் கீழேயும் அகழியின் அடி எட்ட வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் நீர் அதன் அடியில் புகுந்து நைட்ரேட்டோடு போய்விடும்.