ஆயிரம் மணி நேரத்துக்கு எவ்வளவு குறையும்?

போன மாதம் பெரும்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் கூப்பிட்டிருந்தார். "ஜெனரேட்டர் சத்தமும் புகையும் தாங்கலை சார். அதை எடுத்துட்டு எரிபொருள் கலன் ஒண்ணு வாங்கிப் போடலாமா?" விவரமான மனிதர். எரிபொருளின் ஆற்றலில் 60 விழுக்காடு வரை மின்சாரமாகும் என்பது வரை படித்து வைத்திருந்தார். எத்தனை வருஷம் உழைக்கும் என்று மட்டும் கேட்கவில்லை. திட ஆக்சைடு கலன் என்ற வகை எரிபொருள் கலன்களை மாதக்கணக்கில் ஓட்டிச் சோதிப்பதுதான் என் வேலை. அதனால் எனக்கு முதலில் தோன்றுவதே அந்தக் கேள்விதான்.

எரிபொருளிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் இந்தக் கலனுக்குள் தீ எரிவதில்லை. நடுவில் இட்ரியா கலந்த சிர்கோனியா என்ற பீங்கான். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஹைட்ரஜனோ இயற்கை எரிவாயுவோ. 700, 800 டிகிரி சூட்டில் காற்றின் ஆக்சிஜன் அயனியாகி, அந்தப் பீங்கானுக்குள் புகுந்து போய் எரிபொருளைச் சேர்கிறது. எலக்ட்ரான்கள் கம்பி வழியே சுற்றி வருகின்றன. அதுதான் நமக்கு மின்சாரம். இப்படி ஒரு பீங்கான் தகடு, அதாவது ஒரு செல், தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் பல செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரிதான்: நடுவில் ஒன்று கெட்டால் மொத்த வரிசைக்கும் கேடு.

அடுக்கு ஒரே நாளில் சாவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. அதை, ஆயிரம் மணி நேரத்துக்கு வோல்ட்டேஜ் இத்தனை விழுக்காடு குறைகிறது என்று அளப்போம். 0.2 விழுக்காடு என்றால் 40,000 மணி நேரத்தில், அதாவது நாலரை வருஷத்தில், இழப்பு 8 விழுக்காடு. அதுவே 1 விழுக்காடு என்றால் 40. முதல் நாள் திறன் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம்! நீண்ட ஆயுள் முடியாத காரியம் இல்லை. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் 2007-இல் ஓடத் தொடங்கிய ஒரு சிறிய அடுக்கு 1,00,000 மணி நேரத்தைத் தாண்டியது. ஆனால் அது ஆய்வகத்தின் சீரான சூட்டில் ஓடியது. நம் ஊரில் கரண்ட் போகும்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி ராத்திரி, நல்ல மழை, கரண்ட் போய்விட்டது. கணினி யூபிஎஸ்ஸில் இருந்தது, ஹைட்ரஜன் வால்வு அதில் இல்லை. அதைச் சரிபார்த்திருக்க வேண்டியவன் நான். வால்வு மூடிக்கொண்டது, உலை இன்னும் சூடாக இருந்தது, எரிபொருள் பக்கத்துக்குள் காற்று புகுந்துவிட்டது. மறுநாள் ஆறிய செல்லை வெளியே எடுத்தேன். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய ஆனோடு, அதாவது எரிபொருள் பக்கத்து நிக்கல் கலந்த மின்முனை, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சையாக மாறியிருந்தது. பச்சை என்றால் நிக்கல் ஆக்சைடு. நிக்கல் ஆக்சைடாகும்போது பருமன் சுமார் 70 விழுக்காடு ஊதும். ஒட்டியிருக்கும் பீங்கான் அதைத் தாங்காது. பச்சை முடியும் இடத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டேன். சில நொடியில் மறுபக்கம் முடி மாதிரி ஓர் ஈரக்கோடு தெரிந்தது: விரிசல். நான்கு மாதச் சோதனை அதோடு முடிந்தது. அன்றிலிருந்து, கரண்ட் போனால் தானே திறந்து நைட்ரஜனை விடும் வால்வு இல்லாமல் நாங்கள் எந்தச் சோதனையும் தொடங்குவதில்லை.

செயலாளருக்கும் இதைத்தான் சொன்னேன். கரண்ட் போனதும் தட்டி எழுப்புகிற இயந்திரம் இல்லை இது. சூடேறவே மணிக்கணக்காகும். ஒவ்வொரு முறை ஆறிச் சூடேறும்போதும் ஓரங்களை அடைக்கும் கண்ணாடிப் பூச்சு இழுபடும். இரவு பகலாக ஒரே அளவில் மின்சாரம் தேவைப்படும் மருத்துவமனை, டேட்டா சென்டர் போன்ற இடங்களுக்கு இது பொருந்தும்.

அப்புறம் நம் காற்று. செல்களுக்கு நடுவே வரும் எஃகுத் தகட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குரோமியம். அந்தச் சூட்டில் காற்றின் நீராவியோடு சேர்ந்து குரோமியம் ஆவியாகிக் கிளம்பும். போய்க் காற்றுப் பக்கத்து மின்முனையான கேத்தோடில் படிந்து அதை அடைத்துவிடும். நீராவி எவ்வளவோ, ஆவியாவதும் அந்த விகிதத்தில்தான். 30 டிகிரி வெயிலும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்குக்குமேல் நீராவி. குளிர்நாட்டின் குளிர்காலக் காற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே அளந்த ஆயுளை அப்படியே இங்கே எழுதிக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தகட்டின்மேல் மாங்கனீஸ் கோபால்ட் ஆக்சைடு பூசினால் குரோமியம் வெளியேறுவது வெகுவாகக் குறையும். பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

எரிவாயுவிலும் ஒரு சிக்கல். கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கும் அந்த வாசனைப்பொருள் கந்தகச் சேர்மம். நம் மூக்குக்கு அது காவல், நிக்கலுக்கு நஞ்சு. பத்து லட்சத்தில் சில பங்கு போதும், வோல்ட்டேஜ் இறங்க. முன்னால் கந்தக வடிகட்டி இருக்க வேண்டும், அதைக் காலத்தில் மாற்றவும் வேண்டும்.

திருச்சியில் பொறியியல் படித்த கே. ஆர். ஸ்ரீதர் அமெரிக்காவில் தொடங்கிய ப்ளூம் எனர்ஜி பல வருஷமாக இந்தக் கலன்களை விற்கிறது. ஆகவே இது கண்காட்சிப் பொருள் இல்லை. விற்க வருகிறவரிடம் கேளுங்கள்: ஆயிரம் மணிக்கு எவ்வளவு குறையும், அது எந்த ஈரப்பதத்தில் அளந்தது, எத்தனை முறை ஆறிச் சூடேறினால் தாங்கும், அடுக்கை மாற்றும் செலவு யாருடையது.

இப்போது எங்கள் உலையில் பூச்சுள்ள தகடும் பூச்சில்லாத தகடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உலர்த்திய காற்று கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தரமணிக் காற்றையே தூசி வடிகட்டி உள்ளே விடுகிறோம். கார்த்திகை கடைசியில் 3,000 மணி நேரம் ஆகும். உலையைத் திறந்ததும் இரண்டின் எடையையும் எழுதுகிறேன்.