மேனிஃபோல்ட்: சொல்லும் குழாயும்

இன்ஜினுக்குள் வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதிக்கு இன்டேக் மேனிஃபோல்ட் என்று பெயர். எரிந்த புகையைச் சிலிண்டர்களிலிருந்து திரட்டி ஒரே குழாயில் விடுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். பட்டறைப் பேச்சில் இரண்டுமே 'மேனிபோல்டு'தான். எது என்பது பேசப்படும் பழுதிலிருந்து புரிந்துவிடும்.

பழைய ஆங்கிலத்தில் 'மேனிஃபோல்ட்' என்பது 'பல மடங்கான, பலவகையான' என்ற பொருள் கொண்ட பெயரடை. பல வாய்கள் உள்ள குழாய்க்கு இது பெயரானது 19ஆம் நூற்றாண்டில். இதன் ஜெர்மன் உறவுச் சொல்லைக் கணித மேதை ரீமான் வடிவியலுக்குள் கொண்டுபோனார். அதனால் கணிதக்காரர்கள் மேனிஃபோல்ட் என்றால் அங்கே குழாய் எதுவும் இருக்காது.

நேராகத் தமிழாக்கினால் 'பன்மடி' கச்சிதமாகப் பொருந்தும். 'மடி' என்பது மடிப்பதற்கும் மடங்குக்கும் பொதுவான சொல், மூலத்திலும் அப்படித்தான். ஆனால் 'உள்ளிழுப்புப் பன்மடி' என்று படிப்பவருக்குக் குழாய் கண்ணில் தெரியாது. வேறு சொல் தேடுமுன் அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு அந்தக் கேள்விக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே உண்டு. மைலேஜ் குறைவது இதனால்தான். ஆனால் கணக்கைக் காற்றின் பக்கமிருந்து போட்டால் படம் மாறும். ஒரு கிலோ காற்றைக் கொண்டு எரிக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பம் தருகின்றன. ஆகவே இன்ஜினின் வலு எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது, அதாவது மேனிஃபோல்டைப் பொறுத்தது.

இங்கே எத்தனால் ஒரு வேலை செய்கிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை நிறைய உறிஞ்சும். அதே அளவு காற்றுக்குத் தேவையான எரிபொருளை எடுத்துக்கொண்டால், பெட்ரோலைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. காற்று குளிர்ந்து அடர்த்தியாகும், சிலிண்டருக்குள் கூடுதலாக நிறையும். மறுபக்கம், எத்தனால் ஆவி பெட்ரோல் ஆவியைவிட அதிக இடம் பிடிக்கும்: முழுதாக ஆவியான கலவையில் 6.5 சதவீதம் எத்தனால், பெட்ரோல் என்றால் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் கதை.

எந்தக் கை ஓங்கும் என்பது எரிபொருள் எங்கே தெளிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் எரிபொருள் குழாயின் வாயிலேயே காற்றோடு கலந்துவிடுவதால் முழு மேனிஃபோல்டும் ஈரம். எத்தனால் அதிகமானால் குழாய்ச்சுவர் சில்லிட்டு, ஆவியாகாத துளிகள் அங்கேயே ஒட்டி வழியும். ஒரு சிலிண்டருக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும். அதனால்தான் பழைய மேனிஃபோல்டுகளைப் புகையின் சூட்டாலோ ரேடியேட்டர் நீராலோ சூடாக்கினார்கள். கார்புரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் ஜெட்டின் துளை மாறாதது என்பதால் கலவை இளைத்தும் போகும், அதாவது காற்றுக்குப் போதுமான எரிபொருள் இருக்காது. வால்வுக்குப் பக்கத்தில் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்ததும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை வைத்துக் கலவையும் திருத்தப்படுகிறது. சிலிண்டருக்குள்ளேயே தெளித்தால் குளிர்ச்சி முழுக்க உள்ளே இறங்கும், உள்வரும் காற்றின் இடமும் பறிபோகாது. எத்தனாலின் உயர்ந்த ஆக்டேனும் (தானாகப் பற்றாமல் தாங்கும் திறன்) சேர்ந்துகொள்ள, நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) இல்லாமல் அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் அளவை, கூட்டலாம். அதற்கென்று வடிவமைக்காத இன்ஜினில் இந்த ஆதாயத்தைப் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது.

குழாயின் நீளமும் சும்மா இல்லை. வால்வு திறந்து மூடும்போது எழும் அழுத்த அலை குழாயில் போய்த் திரும்பி, அடுத்தமுறை வால்வு திறக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தால் கொஞ்சம் காற்றைக் கூடுதலாகத் தள்ளிவிடும். நீண்ட குழாய் குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சியில்) இழுவை தரும், குட்டைக் குழாய் அதிக ஆர்பிஎம்முக்கு. காற்று 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டரிலிருந்து 337 ஆகும். அலை பொருந்தும் ஆர்பிஎம்மும் ஏறக்குறைய 3 சதவீதம் இறங்கும். குழாய் முழுக்க ஈரமாக இருக்கும் அமைப்பில்தான் இது கணக்கில் வரும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'காற்றுக் கிளைக்குழாய்' என்பது இன்ஜெக்டர் இன்ஜினுக்குச் சரி. கார்புரேட்டர் இன்ஜினில் அந்தக் குழாயில் போவது வெறும் காற்று இல்லை. 'கலவைக் குழாய்' என்றால் நேரடியாகச் சிலிண்டரில் தெளிக்கும் இன்ஜினுக்குப் பொருந்தாது. என் தேர்வு 'உள்ளிழுப்புக் கிளைக்குழாய்'. உள்ளே போவது எதுவானாலும் அது நிற்கும். புகைப் பக்கத்துக்கு 'வெளியேற்றுக் கிளைக்குழாய்' என்று இணையும் கிடைத்துவிடுகிறது.